கலைச்சொல் முன்மொழிவு: ஏவல்விசையும் அதன் வகைகளும்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து வயர்மேன்களுக்காக நாம் தொகுக்கும் கையேட்டில், ‘ஸ்மார்ட் சுவிட்ச்’ என்பதை ‘விவேக விசை’ என எழுதலாம் என்று நண்பர் ஒருவர் பரிந்துரைத்திருந்தார். விவேகப் பள்ளி, விவேகக் கைப்பேசி என இந்நாட்டில் பழகிய அடைமொழிதான். ஆயினும் அது கருவியைப் பாராட்டுகிறதே தவிர, அதன் வேலையைச் சொல்வதில்லை. ‘தானியங்கு விசை’யும் பொருந்தாது. கைப்பேசி வழியாகவோ குரல் வழியாகவோ வரும் ஏவலை ஏற்று மின்சுற்றை மூடுவதும் திறப்பதுமே அதன் தொழில் என்பதால், ‘ஏவல்விசை’ என முன்மொழிகிறேன். தோட்டப்புறத்தில் ஏவல் என்றதும் பில்லி சூனியம் நினைவுக்கு வரும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், ஆனால் ஏவல் வினைமுற்றைப் படிக்கும் மாணவர் எவரும் மந்திரவாதியைத் தேடிப் போவதில்லை.

வகைப்பெயர்தான் பெருஞ்சிக்கல். பழைய வீடுகள் பலவற்றில் சுவர்ப்பெட்டிக்குள் இருப்பவை இரண்டே கம்பிகள்: ஒன்று மின்னைக் கொண்டுவருவது, மற்றது விளக்குக்கு எடுத்துச் செல்வது. மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நடுநிலைக் கம்பி (நியூட்ரல்) அப்பெட்டியைத் தொடாமல் கூரைவழியே விளக்குக்குப் போய்விடும். ஏவல்விசைக்கோ விளக்கு அணைந்திருக்கும் போதும் மின்சாரம் வேண்டும். இல்லையேல் அடுத்த ஏவல் அதற்குக் கேட்காது. இத்தகைய வீடுகளுக்கென வரும் வகையைக் கடையில் விற்கும் பெட்டிகளின்மேல் அச்சிட்டுள்ளபடி ‘ஒற்றைக் கம்பி வகை’ என்று பெயர்த்தால், சுவருக்குள் இரண்டு கம்பிகளைக் காண்பவர் அது தமக்கானதன்று எனத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆகவே ‘நடுநிலை வேண்டும் வகை’, ‘நடுநிலை வேண்டா வகை’ என்பவையே தெளிவானவை.

வேண்டா வகை, அணைந்த விளக்கின் வழியே சிறிதளவு மின்னோட்டத்தை இழுத்துத் தன்னை உயிர்ப்பாக வைத்துக்கொள்கிறது. அதனால் எல்இடி விளக்கு மங்கலாக மினுங்கினால், விளக்குக்கு இணையாக, உற்பத்தியாளர் குறிப்பிடும் மின்தேக்கி (கெப்பாசிட்டர்) ஒன்றைப் பொருத்துவது வழக்கம். இச்சிறு மின்னோட்டத்தைக் ‘கசிவு மின்னோட்டம்’ என்று அழைப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன். கசிவு என்பது நிலத்துக்குத் தப்பும் மின்னோட்டம். 30 மில்லி ஆம்பியர், நீர்சூடேற்றிக்கு 10 மில்லி ஆம்பியர் என்ற வரம்பு வைத்து, அதை எட்டினால் மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்புத் துண்டிப்பான் (ஆர்சிடி) கண்காணிப்பது அதைத்தான். விளக்கின் வழியே செல்வதோ நடுநிலைக் கம்பியிலேயே முறையாகத் திரும்பிவிடுகிறது. துண்டிப்பான் அதைப் பொருட்படுத்தாது. விசைக்கு உணவூட்டுவதால் ‘ஊட்டு மின்னோட்டம்’ எனலாம்.

பதிவுபெற்ற வயர்மேன்தான் இவ்வேலையைச் செய்ய வேண்டும் என்பதைக் கையேட்டின் முதற்பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அதில் விவாதத்துக்கு இடமில்லை.

எஞ்சியிருப்பது வெளிச்சத்தைக் குறைக்கும் வகை. விளக்குக்கான அந்த வகையைக் கூரை விசிறிக்குப் பொருத்தினால் மோட்டார் முனகும், சூடேறும். எனவே இரண்டுக்கும் பொதுவாக ‘அளவு மாற்றி’ என்று எழுதாமல், ‘ஒளிதணி ஏவல்விசை’, ‘விசிறி ஏவல்விசை’ எனப் பிரித்தே பட்டியலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.