'ஏர் எடுப்பது': பழுதுக்கு ஒரு சொல், பணிக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

பவர் ஸ்டீயரிங் பம்ப் மாற்றிய பிறகு, எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் 'ப்ளீடிங்' வேலைக்கு நம் தமிழ்க் கையேட்டில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: காற்று நீக்கம், வளி வடித்தல், காற்றுப்போக்கு. மூன்றாவதை இப்போதே தள்ளிவிடலாம். வயிற்றுப்போக்கு நினைவுக்கு வராமல் அதைப் படிக்க என்னால் முடியவில்லை.

மற்ற இரண்டுக்கும் போகும் முன் ஒரு சிக்கலைச் சொல்கிறேன். பட்டறையில் இதற்கு 'ஏர் எடுப்பது' என்பார்கள். அந்தச் சொல்லால்தான் நான் ஒரு நாளை வீணாக்கினேன். புதுப் பம்ப் போட்டதிலிருந்து ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் ஒரே முனகல். ஆயில் டப்பாவைத் திறந்தால் எண்ணெய் நுரைத்து, பால் கலந்தது போல வெளிறியிருந்தது. மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன். "ஏர் எடுக்குது சார்" என்றார். "நேற்றே எடுத்துவிட்டேனே" என்றேன். பம்ப் எங்கிருந்தோ காற்றை உள்ளே இழுக்கிறது என்பது அவர் சொன்னது. உள்ளே இருந்த காற்றை வெளியேற்றிவிட்டேன் என்பது நான் சொன்னது. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே வினைச்சொல்! புரியாமல் அன்று மாலையும் ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பித் திருப்பிக் கை வலித்ததுதான் மிச்சம். டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸில் கிளிப் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஹோஸ் உறிஞ்சும் பக்கம். என்ஜின் ஓடும்போது அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையக்கூடும். அதனால் இடைவெளி இருந்தால் காற்று உள்ளே போகும், எண்ணெய் வெளியே சொட்டாமலும் இருக்கலாம். அழுத்தப் பக்கத்தில் தளர்வு என்றால் எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு வந்து தானே காட்டிக்கொடுக்கும். சொட்டு இல்லையே என்று புதியவர் ஏமாறுவது இங்கேதான். ஆகவே இந்தப் பழுதுக்குத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும். 'உட்கசிவு' என்று முதலில் நினைத்தேன். ஆனால் சக்கரங்களைத் திருப்பும் பகுதியான ஸ்டீயரிங் ராக்கின் சீல் தேய்ந்து எண்ணெய் உள்ளுக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் கசிவதற்கு அந்தச் சொல்லை விட்டுவைக்க வேண்டும். என் பரிந்துரை: காற்றுநுழைவு.

இனி பணிக்கான சொல். 'வளி வடித்தல்' பிரேக்குக்கு மிகப் பொருத்தம். அங்கே நிப்பிள் என்னும் சிறு திறப்பைத் திறந்து, குமிழியோடு எண்ணெயையும் குழாயில் வடிக்கிறோம். பெரும்பாலான பவர் ஸ்டீயரிங்கில் நிப்பிளே இல்லை. முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, என்ஜினை அணைத்து வைத்து, ஸ்டீயரிங்கை மெதுவாக இருபுறமும் முழுக்கத் திருப்பினால் குமிழிகள் தாமாகவே டப்பாவுக்கு ஏறி வரும். அளவு இறங்க இறங்க எண்ணெய் ஊற்ற வேண்டும். எதையும் வடிப்பதில்லை. 'வடி' என்று படித்தவர் எண்ணெயைத் திறந்துவிட்டாலும் ஆச்சரியமில்லை.

எனவே 'காற்று நீக்கம்' போதும். புதுச்சொல் கட்டும் ஆசை எனக்கும் உண்டுதான், ஆனால் இங்கே தேவையில்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "காற்றுநுழைவை அடைக்காமல் காற்று நீக்கிப் பயனில்லை." குழப்பமில்லை. "என்ஜினை அணைத்ததும் டப்பாவில் எண்ணெய் மட்டம் ஏறினால் காற்று நீக்கம் முடியவில்லை" என்றும் எழுதலாம். அழுத்தத்தில் சுருங்கியிருந்த காற்று விரிந்து எண்ணெயைத் தள்ளுவதால் அப்படி ஏறுகிறது.

கேவிட்டேஷனையும் காற்றுநுழைவிலேயே சேர்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். அது வெளிக்காற்று அல்ல. டப்பாவின் வலை அடைத்தோ ஹோஸ் மடிந்தோ பம்புக்கு எண்ணெய் போதாமல், எண்ணெய்க்குள்ளேயே உண்டாகும் குமிழி. அதற்குத் தனி மடல் எழுதுவோம்.

அப்புறம், கையேட்டு வரைவில் ஸ்டீயரிங் முழுக்கத் திரும்பி நிற்கும் நிலைக்குப் 'பூட்டு' என்று இருக்கிறது. அது சாவி போடும் பூட்டோடு குழம்பும். 'முட்டு' என்றால் என்ன? "ஒரு முட்டிலிருந்து மறு முட்டு வரை திருப்புக, என்ஜின் ஓடும்போது முட்டில் 5 விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர், எண்ணெய் சூடேறிப் பம்ப் கெடும்." பட்டறைகளில் இதற்கு வேறு சொல் கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள், அதையே வைத்துக்கொள்ளலாம்.