ஆல்பைன் லினக்ஸ் டிஸ்க்லெஸ்: ரீபூட் ஆனால் பேக்கேஜ் காணாமல் போகிறது, உதவி தேவை

2 ஜிபி ரேம் உள்ள பழைய தின் கிளையன்ட். ஆல்பைன் 3.20, டிஸ்க்லெஸ் முறை (எல்லாம் ரேமில் ஓடும், ஒவ்வொரு பூட்டிலும் பேக்கேஜ்கள் புதிதாக ஏறும்), யுஎஸ்பியிலிருந்து பூட். முதல் பார்ட்டிஷன் ஃபேட்32, பூட் கோப்புகளும் ஏபிகேஓவிஎல்லும் (என் அமைப்பு மாற்றங்களைச் சேமித்த கோப்பு) அதில். இரண்டாவது இஎக்ஸ்டி4, ஏபிகே கேஷ் (பேக்கேஜ் மேலாளர் இறக்கி வைத்த பேக்கேஜ் கோப்புகள்) அதில். இடம் ஒரு கிடங்கு. இணையமே கிடையாது, மின்வெட்டு அதிகம்.

கேஷை இரண்டாவது பார்ட்டிஷனுக்கு மாற்றியதிலிருந்து, பூட் ஆனதும் அடிப்படைப் பேக்கேஜ்கள் மட்டுமே இருக்கின்றன. என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) இல்லை. வேர்ல்டு கோப்பில் (நிறுவ வேண்டிய பேக்கேஜ்களின் பட்டியல்) அதன் பெயர் அப்படியே இருக்கிறது. கையால் மவுன்ட் செய்து 'ஏபிகே ஃபிக்ஸ்' கொடுத்தால் இணையம் இல்லாமலே ஏறிவிடுகிறது. ஆக, கேஷில் கோளாறு இல்லை. இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஓடும் சிறு அமைப்பு) பேக்கேஜ் ஏற்றும் நேரத்தில் அந்தப் பார்ட்டிஷன் மவுன்ட் ஆகவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இணையம் உள்ள இடத்தில் 'ஏபிகே கேஷ் சிங்க்', பிறகு 'எல்பியு கமிட்' (மாற்றங்களை ஏபிகேஓவிஎல்லில் சேமிப்பது) செய்தாயிற்று. எஃப்எஸ்டேபில் (மவுன்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) அந்தப் பார்ட்டிஷனைச் சேர்த்ததும் பலிக்கவில்லை. பேக்கேஜ் ஏற்றி முடித்த பிறகுதானே அதில் உள்ளவை மவுன்ட் ஆகின்றன. கர்னல் வரியில் மாட்யூல்ஸ் பட்டியலில் இஎக்ஸ்டி4 சேர்த்தும் அதே நிலை. கேஷைச் சுட்டும் சிம்லிங்க் சரியான பாதையைத்தான் காட்டுகிறது. கேஷை ஃபேட்32-க்கே திருப்பினால் எல்லாம் ஓடுகிறது, ஆனால் எழுதும்போது மின்சாரம் போனால் பூட் பார்ட்டிஷனே கெடலாம். அதனால் அது வேண்டாம்.

இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் திரும்பக் கட்டாமல், பேக்கேஜ் ஏற்றும் முன்பே இந்த இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனை மவுன்ட் செய்யவைக்க வழி உண்டா?