'ஷாம்' ஊசிக்குத் தமிழில் என்ன சொல்வது?

பாறசாலையிலிருந்து:

அக்குபஞ்சர் ஆய்வுகளைத் தமிழில் சுருக்கும்போது பத்திக்குப் பத்தி கால் இடறுவது ஒரே சொல்லில்தான்: ஷாம். சிகிச்சை ஊசியோடு ஒப்பிடுவதற்காக, அதைப் போலவே தோன்றும்படி செய்வதற்கு ஆய்வுகளில் உள்ள ஆங்கிலப் பெயர் அது. நம் சொல்லடைவில் 'போலி அக்குபஞ்சர்' என்று கிடக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

2007இல் வெளியான ஜெர்மானிய இடுப்புவலி ஆய்வைப் பாருங்கள். 1162 பேர், மூன்று அணி. முதல் அணிக்குச் சீன முறைப்படி புள்ளி பார்த்து ஆழமாகக் குத்தி, ஊசியைத் திருகினார்கள். இரண்டாவதற்குப் புள்ளி அல்லாத இடத்தில் தோலோடு ஒட்டி லேசாகக் குத்தினார்கள், திருகவில்லை. மூன்றாவதற்கு வழக்கமான மாத்திரை, பயிற்சி. ஆறு மாதம் கழித்துத் தேறியவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம். 'போலி அக்குபஞ்சரில் 44.2 சதவீதம் பேர் தேறினர்' என்று எழுதிப் பாருங்கள். போலி டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்றுதான் வாசிக்கிறவர் நினைப்பார். போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்று செய்தித்தாளில் பார்த்துப் பார்த்து அந்தச் சொல்லுக்கே போலீஸ் வாடை ஏறிவிட்டது.

குழித்துறையிலிருந்து:

தம்பி, வாடை ஏறியது உண்மை. ஆனால் பிளாசிபோவுக்கு 'மருந்துப்போலி' என்று ஏற்கெனவே புழங்குகிறோம், யாரும் முகம் சுளிக்கவில்லை. அதே தடத்தில் 'ஊசிப்போலி' என்றால் என்ன?

இலக்கணத்தில் போலி என்றால் மோசடி இல்லை. அறம் என்பது அறன் ஆகும், ஐந்து அஞ்சு ஆகும். எழுத்து மாறும், பொருள் மாறாது. உங்கள் 47.6க்கும் 44.2க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் நன்னூலார் இதைக் கடைப்போலி என்றே சேர்த்திருப்பார்.

மார்த்தாண்டத்திலிருந்து:

சார், சிரித்துவிட்டேன். ஆனாலும் ஊசிப்போலி கூடாது. மருந்துப்போலி என்றால் உள்ளே வேலை செய்யும் பொருள் எதுவும் இல்லை என்று பொருள். சர்க்கரை மாத்திரை அப்படித்தான். ஷாம் ஊசி அப்படிச் சும்மா இருப்பதில்லை. அதுதான் இந்தத் துறையின் தலைவலியே.

ஊசி குத்தினால் என்ன நடக்கிறது என்று ஓரளவு தெரிந்தவற்றைச் சொல்கிறேன். 1977இல் பல்லில் மின்னதிர்வு கொடுத்து வலி உண்டாக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே உள்ள ஹெகு புள்ளியில் ஊசி போட்டுச் சோதித்தார்கள். வலி குறைந்தது. அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நாலாக்சோன் ஏற்றியதும் அந்தக் குறைவு கரைந்துபோனது. உடம்பே சுரக்கும், அபின் போல வலியடக்கும் எண்டார்பின் வகைப் பொருள்களுக்கு இதில் பங்குண்டு என்று அதிலிருந்து கொண்டார்கள். 2010இல் சுண்டெலியின் முழங்காலுக்குக் கீழே ஊசியைச் செருகித் திருகியபோது அந்த இடத்தில் அடினோசின் என்ற வலி குறைக்கும் பொருள் கூடியது. அடினோசினை ஏற்கும் ஏ1 வாங்கி இல்லாத எலிகளில் வலி குறையவில்லை. இது தவிர, ஊசியைத் திருகும்போது இணைப்புத் திசு நூல் போல அதைச் சுற்றிக்கொள்வதையும் படமெடுத்திருக்கிறார்கள்.

இவற்றில் எதற்கும் மெரிடியன், அதாவது சீன மருத்துவம் சொல்லும் ஆற்றல் ஓடும் பாதை, தேவையில்லை. இரண்டு விரற்கடை தள்ளிக் குத்தினாலும் நரம்பு உண்டு, திசு உண்டு. குத்தாமல் தோலை அழுத்தினாலும் மென்தொடுகையை உணரும் மெல்லிய நரம்பிழைகள் மூளைக்குச் சேதி அனுப்பும். ஆக ஷாம் என்பது பூஜ்யம் இல்லை, குறைந்த அளவு. 'போலி' என்று எழுதினால் பூஜ்யம் என்று ஆகிவிடும்.

இன்னொன்று. ஷாம் ஒரே வகை இல்லை. மூன்றையாவது பிரித்துச் சொல்லும்படி சொல் வளைய வேண்டும்.

புள்ளி விட்டு இடம் மாற்றிக் குத்துவது ஒன்று. சரியான புள்ளியிலேயே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் நுழைப்பது இன்னொன்று. மூன்றாவது, குத்தவே குத்தாத ஊசி. 1998இல் ஹைடல்பெர்கில் செய்தது இதில் பேர்போனது: முனை மழுங்கல், தண்டு கைப்பிடிக்குள் சறுக்கி நுழையும், நாடகத்தில் நெஞ்சில் குத்துகிற கத்தி மாதிரி. ஒரு பிளாஸ்டிக் வளையத்தை வைத்து மேலே பிளாஸ்திரி ஒட்டி, அதன் வழியே ஊசியை இறக்குவார்கள். தோலில் படும்போது சுருக்கென்று இருக்கும், ஊசி குட்டையாவது கண்ணுக்குத் தெரியும், உள்ளே போனதாகவே நோயாளி நம்புவார்.

அதில் தப்பு வரும் இடங்களும் உண்டு. தலைமுடிக்குள் பிளாஸ்திரி நிற்காது. விரல்நுனியில் வளையம் உட்காராது. எடுத்த பிறகு பொட்டு ரத்தம்கூட இல்லையென்றால் விஷயம் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். ஏற்கெனவே அக்குபஞ்சர் செய்துகொண்டவருக்கு ஊசி 'பிடிக்கும்போது' வரும் கனம், மதமதப்பு, உளைச்சல் பழக்கம். அது வராவிட்டால் சந்தேகம் வரும். அதனால் முன்பு ஊசி போட்டவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முதலிலேயே முடிவெடுக்க வேண்டும். கடைசியில் எல்லோரிடமும் 'உங்களுக்கு எந்த ஊசி என்று நினைக்கிறீர்கள்' என்று கேட்டுப் பதிய வேண்டும். 'தெரியாது' என்பதற்கும் ஒரு கட்டம் வையுங்கள். இல்லாவிட்டால் கேட்டதற்காக எதையாவது சொல்வார்கள்.

தக்கலையிலிருந்து:

அக்கா சொன்ன மூன்றாவதற்குத் 'தொடு ஊசி' என்று யாராவது கொண்டுவரும் முன்னே தடுத்துவிடுகிறேன். எங்கள் பக்கம் தொடு என்றால் தொடுவர்மம். 108 வர்மத்தில் 96 தொடுவர்மம், 12 படுவர்மம். தொடுவர்மம் என்பது மெல்லத் தொடுவது இல்லை. அடிபட்டால் படுவர்மம் அளவுக்கு உயிராபத்து இல்லாத இடம். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் தொடு ஊசி என்று அச்சடித்தால் வர்ம வைத்தியம் என்றே வாசிப்பார்கள்.

வர்மப் புள்ளியும் அக்குபஞ்சர் புள்ளியும் ஒன்றே என்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். அப்படி இல்லை. அவர்கள் கணக்கு 361, எங்களுடையது 108. அளக்கும் நோக்கமும் வேறு. ஒத்துப்போவது அளவுகோல் மட்டும்தான்: இரண்டிலும் நோயாளியின் விரலே அளவு. உள்மணிக்கட்டு ரேகையிலிருந்து அவர்களுடைய கணக்கில் இரண்டு 'சுன்' மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே நெய்குவான் என்ற புள்ளி. ஒரு சுன் என்பது நோயாளியின் கட்டைவிரல் அகலம், வைத்தியருடையது இல்லை. குழந்தைக்கு உங்கள் விரலை வைத்து அளந்தால் புள்ளி தப்பிப் போகும்.

ஒரு கேள்வி. தொட்டாலே பலன் என்பது எங்கள் கணக்கு. விரல் அழுத்தத்தின் அளவை மாத்திரை என்போம்: கால், அரை, முக்கால், ஒன்று. அப்படியிருக்க, தோலைத் தொட்ட ஊசியை ஏன் சிகிச்சை இல்லை என்று தள்ளுகிறீர்கள்?

மார்த்தாண்டத்திலிருந்து:

ஆசானே, தள்ளவில்லை. அந்த ஆய்வு கேட்கும் கேள்வி 'புள்ளியும் ஆழமும் முக்கியமா' என்பது. தொடுதலே சிகிச்சை என்றால் அதை இன்னொன்றோடு ஒப்பிட்டுத் தனியே சோதிக்க வேண்டும். தன் ஒப்பீட்டு அணியே தன் மருந்தாகிவிட்டால் கணக்கு நிற்காது.

குழித்துறையிலிருந்து:

ஒப்பீடு என்று அக்கா சொன்னதும் கிடைத்தது. 'ஒப்பூசி'. ஒப்பு, ஊசி இரண்டும் தடுப்பூசி மாதிரியே புணரும். ஒப்பு என்றால் ஒத்தது, ஒப்பிட வைத்தது. ஒப்புக்குச் சப்பாணி என்கிறோமே, அந்த ஒப்புக்கு என்ற வாடையும் லேசாக அடிக்கும். மோசடி என்ற பொருள் ஒட்டாது. அக்காவின் மூன்றும் வரிசையாக உட்காரும்: புறப்புள்ளி ஒப்பூசி, தோல்மட்ட ஒப்பூசி, குத்தா ஒப்பூசி.

எதிர்ப்பக்கத்துக்கு 'மெய்யூசி'.

மார்த்தாண்டத்திலிருந்து:

ஒப்பூசிக்கு என் ஓட்டு. மெய்யூசி வேண்டாம் சார். அது மெய் என்றால் இது பொய் என்று தீர்ப்பு சொன்ன மாதிரி. போதாக்குறைக்கு, காதில் போடும் செவியூசி இருப்பதால் உடம்பில் போடுவதைத்தான் மெய்யூசி என்கிறோம் என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். 'முறையூசி' போதும்.

பாறசாலையிலிருந்து:

சார், சொல் அழகு. ஆனால் எல்லை தாண்டி ஒரு கிலோமீட்டர் வந்தால் மாட்டிக்கொள்ளும். மலையாளத்தில் ஒப்பு என்றால் கையெழுத்து. உங்கள் பக்கத்திலும் 'இதில ஒரு ஒப்பு போடுங்க' என்றுதானே பேச்சு? சம்மதப் படிவத்தை நீட்டி 'ஒப்பூசிக்கு ஒப்பு போடுங்கள்' என்றால் எதிரே இருப்பவர் பேனாவை எடுப்பாரா சட்டைக் கையை மடிப்பாரா?

இன்னொரு குறை. 2009இல் அமெரிக்காவில் 638 பேரிடம் செய்த இடுப்புவலி ஆய்வில் ஷாமுக்கு ஊசியே இல்லை. ஊசி செருகும் வழிகாட்டிக் குழாய்க்குள் பல்குச்சியை வைத்துத் தோலில் தட்டித் திருகினார்கள். வழக்கமான சிகிச்சை அணியைவிட ஊசிக்காரர்களும் பல்குச்சிக்காரர்களும் நன்றாகத் தேறினார்கள், இருவருக்குள்ளும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. பல்குச்சியை எப்படி ஒப்பூசி என்பது?

குழித்துறையிலிருந்து:

பொய்க்கால் குதிரையில் குதிரை எங்கே இருக்கிறது தம்பி? ஊசியின் இடத்தில் நிற்பது ஒப்பூசி. பல்குச்சி 'குத்தா ஒப்பூசி'யில் அடங்கும். கருவி என்ன என்று அடைப்பில் எழுதிவிடுங்கள்.

கையெழுத்துக் குழப்பம் பேச்சில் வரும், ஒப்புக்கொள்கிறேன். அச்சில் வராது.

மார்த்தாண்டத்திலிருந்து:

பேச்சிலும் வராது, ஏனென்றால் நோயாளியிடம் இந்தச் சொல்லைச் சொல்லவே கூடாது. போலி, பொய், ஒப்பு எதைச் சொன்னாலும் படுக்கையில் படுத்துக்கொண்டு 'எனக்கு எது' என்று தேட ஆரம்பிப்பார். 2005இல் வெளியான ஜெர்மானிய ஒற்றைத் தலைவலி ஆய்வில் 'வெவ்வேறு ஊசி முறைகளை ஒப்பிடுகிறோம், ஒன்று சீன முறையைத் தழுவியது, மற்றது அப்படி இல்லாவிட்டாலும் நல்ல பலனோடு தொடர்புள்ளது' என்ற பாங்கில் சொல்லிச் சேர்த்தார்கள். 302 பேர். தலைவலி நாட்கள் பாதியாகவாவது குறைந்தவர்கள்: முறையூசியில் 51 சதவீதம், ஒப்பூசியில் 53, சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில் 15. இந்த ஒப்பூசிக்காரர்கள் ஒருபோதும் 'போலி' என்ற சொல்லைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த 53 நின்றிருக்குமா என்பது என் சந்தேகம். இப்படிச் சொல்வது முழு நேர்மையா என்ற சண்டை வேறு இழைக்கு.

சுருக்கங்களில் பொதுவாசகருக்கு இன்னொரு வரி சேர்க்கச் சொல்வேன். நாள்பட்ட வலிக்கு 39 ஆய்வுகளின், 20,827 பேரின் தரவை 2018இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, ஊசியே போடாதவர்களோடு ஒப்பிட்டால் முறையூசியின் பலன் சுமார் அரைத் திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு சிதறுகிறது என்பதன் அலகு). ஒப்பூசியோடு ஒப்பிட்டால் சுமார் 0.2. சிறியது, ஆனால் இருக்கிறது. சர்க்கரையும் புற்றுநோயும் ஊசியால் குணமாகும் என்று பலகை மாட்டுகிறவர்களுக்கு இதில் ஒரு எழுத்துகூடச் சாட்சி இல்லை.

தக்கலையிலிருந்து:

ஒப்பூசிக்குச் சம்மதம். புறப்புள்ளி ஒப்பூசிக்கு ஒரு எச்சரிக்கையும் அடைவில் போடுங்கள். புள்ளி இல்லாத இடம் என்றால் ஆபத்து இல்லாத இடம் என்று பொருளில்லை. தோள்பட்டை மேட்டிலும் விலா இடுக்கிலும் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரல் உறையில் காற்று ஏறும்.

பாறசாலையிலிருந்து:

சரி, அடைவில் மாற்றிவிட்டேன். ஷாம்: ஒப்பூசி. அதன் கீழே புறப்புள்ளி, தோல்மட்ட, குத்தா என மூன்று. எதிர்ப்பதம் முறையூசி. 'போலி' நீக்கம். மலையாள வாசகருக்கு ஓர் அடிக்குறிப்பு: கையெழுத்தோடு தொடர்பில்லை.

மின்சாரம் பாய்ச்சும் ஊசியில் கம்பியை மாட்டிவிட்டு ஸ்விட்ச் போடாமல் விடுவார்களே, அதற்கு என்ன? ஊசி நிஜம், குத்தும் நிஜம், மின்சாரம்தான் இல்லை. 'மின்னா ஒப்பூசி' என்று எழுதி வைத்திருக்கிறேன். மின்னாத ஊசி, துருப்பிடித்த ஊசி என்று நினைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.