நிழலில் நின்றுகொண்டே நிழல் இல்லை என்றார்

(பழைய இடங்களைப் பற்றி நேரில் கேட்ட நம்பமுடியாத கதைகளை, உங்கள் அனுபவமாகச் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு வந்த பதில்கள்)

செவ்வந்தி:
மே மாதம், காலை பத்து மணி, தஞ்சைப் பெரிய கோயில். கல்தரை அதற்குள் கொதிக்க ஆரம்பித்திருந்தது. வெறுங்காலோடு பதினைந்து பேரும் விமானத்துக்குப் பின்னால், மேற்குப் பிரகாரத்தில் நிழல் விழுந்த இடத்தில் ஒண்டிக்கொண்டு நின்றோம். வழிகாட்டியும் எங்களோடு ஒண்டிக்கொண்டுதான், "இந்த விமானத்தின் நிழல் தரையில் விழவே விழாது" என்றார். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு காலை வெயிலில் வைத்தாள். சுட்டதும் இழுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள், இழுத்தாள். "அப்படியென்றால் இது யாருடைய நிழல்?" என்று கேட்டாள். அத்தான் அவள் வாயைப் பொத்தி, "கலசத்தின் நிழலைச் சொல்கிறார், கண்ணு" என்று சமாளித்தார். நான் வாயே திறக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பொருநைக்கரை:
எங்கள் ஊர் ஆதிச்சநல்லூருக்குப் பக்கம். அந்தக் காலத்துக் கிழடுகளுக்குச் சாவே வராதாம். உடம்பு சுருங்கிச் சுருங்கிக் கைக்குழந்தை அளவாகிவிடுமாம். தாழி என்ற பெரிய மண்பானைக்குள் உட்காரவைத்து, சோறும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். ஆச்சி சொன்னது. தாழிகள் புதைந்திருக்கும் பரம்பு மேட்டுப் பக்கம் போனால் தாழிக்குள்ளிருந்து யாரோ இருமுவது போலவே எனக்குக் கேட்கும்.

கல்லூரியில் புறநானூறு 256-ஆம் பாட்டு வந்தது. கணவனை இழந்தவள் குயவனிடம், தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்கிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டே வந்த பல்லியைப் போல அவனோடு வந்தவளாம். செத்தவனுக்குத்தானே தாழி கேட்கிறாள்! ஊருக்கு ஓடிப்போய் ஆச்சியிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பாட்டு எழுதினவன் தாழிக்குள் எட்டிப் பார்த்தானா?" என்றாள். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

கரித்துண்டு:
செவ்வந்தி, முழுப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் தஞ்சாவூருக்கு நேர் உச்சியில் வரும் நாள்கள் உண்டு. அன்று நண்பகலில் நிழல் விமானத்தின் அடிக்குள்ளேயே அடங்கிவிடும். சொல்லிச் சொல்லி, 'நண்பகலில்' என்ற சொல் மட்டும் உதிர்ந்துபோயிருக்கும்.

என் கதை சின்னது. கீழடி அருங்காட்சியகத்தில் ஒரு பெரியவர், "2,600 ஆண்டுதானா?" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்துபோனார். கடலில் மூழ்கியதாகச் சொல்லும் 20,000 ஆண்டுக் குமரிக்கண்டத்தை எதிர்பார்த்து வந்தவர் போலிருக்கிறது. 'ஆதன்' என்று எவனோ பானையில் கீறிவைத்த எழுத்து அவர் கண்ணில் படவே இல்லை.

இனி யாராவது ஆண்டுக்கணக்குச் சொன்னால் உடனே கேளுங்கள்: எந்தப் பொருள், எந்தக் குழி, எவ்வளவு ஆழம், எந்த ஆய்வகம்? கீழடிக்கு இதற்கெல்லாம் பதில் இருக்கிறது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி, அமெரிக்க ஆய்வகம், கி.மு. 580. மிஞ்சியிருக்கும் கரிமத்தை அளந்து வயது சொல்லும் கரிமக் கணிப்பு என்பது ஒருகாலத்தில் உயிரோடிருந்தவற்றுக்குத்தான்: கரி, நெல், எலும்பு. கற்சிலைக்குக் கிடையாது. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அந்தக் கணக்கு எட்டவும் எட்டாது. கரி கிடைத்தாலும் அது மரத்தின் வயதைத்தான் சொல்லும், அடுப்பு எரிந்த நாளை அல்ல. ஆழத்தை மட்டும் வைத்தும் முடிவுகட்டாதீர்கள். எலி வளை தோண்டினாலே மேலே கிடந்தது கீழே போய்விடும். இன்னொன்று,

கொற்கையான்:
ஐயா, இங்கே அனுபவத்தைத்தான் கேட்டார்கள், வகுப்பை அல்ல. பஃறுளியாறும் குமரிக்கோடு என்ற மலையும் கடலுக்குள் போனதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறதே, இளங்கோவிடமும் ஆய்வகச் சான்றிதழ் கேட்பீர்களா?

கரித்துண்டு:
கடல் கரையைத் தின்றிருக்கலாம். நான் அதை மறுக்கவில்லை. அதற்காகக் கண்டமா? குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லும் லெமூரியாவை 1864-இல் சொன்னவர் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர். மடகாஸ்கரின் லெமூர் என்ற விலங்குக்கு இந்தியாவில் எப்படி உறவு வந்தது என்று விளங்காமல் நடுவில் ஒரு நிலத்தைப் போட்டுக்கொண்டார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்த நிலத்துக்கு வேலையில்லாமல் போய்விட்டது. இளங்கோவுக்கும் லெமூருக்கும் என்ன சம்பந்தம்?

செவ்வந்தி:
சண்டை போதும். போன ஞாயிறு மறுபடி போனோம். இந்த முறை மகளே படம் எடுத்தாள்; கலசத்தின் நிழல் கூராகத் தரையில் விழுந்திருக்கிறது. அத்தானுக்கு அனுப்பினேன். "ஏதாவது மரத்தின் நிழலாக இருக்கும்" என்று பதில் வந்திருக்கிறது.