மறு: 'குளிர் தொடக்கம்' வேண்டாம், ஆளரவமின்மை என்று வைக்கலாமா?

நண்பர்களே,

பொழுதுபோக்குக் குழுத் தளங்களுக்கான சொற்பட்டியலில் முதலில் தீர வேண்டியது 'கோல்ட் ஸ்டார்ட்' (cold start) என்ற ஆங்கிலச் சொல் என்று நினைக்கிறேன். பழைய ரேடியோ சேகரிப்பவர்களுக்கோ, பூச்சிகளைப் படம் பிடிப்பவர்களுக்கோ ஒருவர் புதிதாகத் தளம் திறக்கிறார். பதிவு இல்லாததால் யாரும் தங்குவதில்லை; யாரும் தங்காததால் பதிவு வருவதில்லை. இந்த முடிச்சுக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

> குளிர் தொடக்கம் என்றே விடலாமே, மூலத்தோடு ஒட்டி இருக்கும்.

மூலம் வண்டி எஞ்சினிலிருந்து வந்தது. கடுங்குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டு, பேட்டரியும் சோர்ந்து, எஞ்சின் லேசில் கிளம்பாது. தமிழில் இந்தப் படிமம் எதிர்ப்பக்கம் இழுக்கும். நமக்கு உள்ளம் குளிரும், கண் குளிரப் பார்ப்போம். 'குளிர் தொடக்கம்' என்று படிப்பவர் திறப்பு விழா சிறப்பாக நடந்தது என்றுதான் நினைத்துக்கொள்வார்.

> தொடக்கத் தேக்கம்?

தேங்குவதற்கு முன்னால் ஏதாவது ஓடியிருக்க வேண்டுமே. நன்றாக நடந்து ஓய்ந்துபோன தளத்துக்கு 'தேக்கம்' பொருந்தும். அதற்காக எடுத்து வைத்துக்கொள்வோம்.

> வெற்றுக்களம்?

இது கிட்டே வருகிறது. ஆனால் களம் பல நேரம் வெறுமையாக இருப்பதில்லை. தேடுபொறி வழியாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், வருகைக் கணக்கும் ஏறும். வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவடு வைக்காமல் போய்விடுவார். அடுத்து வருபவருக்கு இவர் வந்துபோனதே தெரியாது. இதற்குத் தமிழில் அருமையான சொல் ஒன்று புழக்கத்திலேயே இருக்கிறது: ஆளரவம். 'ஆளரவமற்ற தெரு' என்கிறோம். அந்தத் தெருவில் வீடுகளுக்குள் ஆள் இருக்கலாம். இருப்பதற்கான சத்தம் வெளியே இல்லை, அவ்வளவுதான். ஆகவே என் பரிந்துரை 'ஆளரவமின்மை'.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டால் தளம் நடத்துபவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் பாதி விளங்கிவிடும். தொடங்கும்போதே இருபது பிரிவுகள் திறந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'பதிவுகள்: 0' என்று காட்டுவது ஆளரவமின்மையைப் பறைசாற்றுவது. ஒரே ஒரு பிரிவு போதும். பேச்சு நெரிசலானபின் பிரிக்கலாம். 'இப்போது இணைப்பில் இருப்போர்: 1' என்ற கட்டத்தை முதல் வேலையாக எடுத்துவிட வேண்டும் (அந்த ஒருவர் பெரும்பாலும் பார்ப்பவரேதான்). முதல் கேள்வி கேட்டவருக்கு அன்றைக்கே மறுமொழி போக வேண்டும். இதெல்லாம் சரியாகாமல் விளம்பரத்துக்குச் செலவு செய்தால் ஆள் வரும், அரவம் வராது.

> சீடிங் என்பதற்கு 'விதைப்பு' என்று முன்பே முடிவு செய்தோமே?

அது இருக்கட்டும். ஆனால் அதற்குள் இரண்டு வேறு செயல்கள் கலந்து கிடக்கின்றன. நடத்துபவர் தன் பெயரிலேயே உருப்படியான பதிவுகளை முன்கூட்டி எழுதி வைப்பது ஒன்று. இல்லாத ஆட்களின் பெயரில் கணக்குத் திறந்து கூட்டம் இருப்பதுபோலக் காட்டுவது இன்னொன்று. 2005இல் ரெடிட் தளம் தொடங்கியபோது நிறுவனர்கள் இரண்டாவதைத்தான் செய்தார்கள். அவர்களே வெளிப்படையாகச் சொன்ன செய்தி. முதலாவதை 'விதைப்பு' என்றும், இரண்டாவதைப் 'போலி அரவம்' என்றும் பிரிக்கலாம். ரெடிட்போலப் பொதுவான செய்திச் சுட்டிகளைப் பகிரும் தளத்தில் போலி அரவம் செல்லுபடியாகியிருக்கலாம். ஒரே ஆர்வமுள்ள சிறு வட்டத்தில் ஒருவர் எழுத்து இன்னொருவருக்கு அத்துப்படி. மாட்டிக்கொண்டால் தளத்தின் பெயர் கெட்டுவிடும்.

அரவத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வழியும் உண்டு, எனக்கு அதுவே பிடித்தது. 2007இல் வந்த ரேவல்ரி பின்னல்காரர்களின் தளம். அங்கே ஒருவர் தன் நூல் இருப்பையும், பின்னிக்கொண்டிருக்கும் வேலைகளையும் குறித்து வைக்கலாம். பேச்சுத் துணை இல்லாவிட்டாலும் அது அவருக்குப் பயன்படும். பறவை பார்ப்பவர்களுக்கான இபேர்ட் 2002இல் தொடங்கியது. அறிவியலுக்கு உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவரை வளர்ச்சி மந்தம்தான். பார்த்த பறவைகளின் சொந்தப் பட்டியலை ஒவ்வொருவரும் பேணும் வசதி வந்தபின் பதிவுகள் பெருகின. தனக்காகக் குறித்த குறிப்பே மற்றவருக்கு ஆளரவமாகிவிடுகிறது. இதற்குத் 'தற்பயன்' என்ற சொல்லையும் பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பல தலைப்புகளில் கேள்வி-பதில் தளங்களை நடத்தும் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் (Stack Exchange) வேறு மாதிரி செய்தது. புதிய தலைப்புக்குத் தளம் வேண்டுமென்றால், பங்கெடுப்போம் என்று போதிய பேர் உறுதி கொடுத்த பிறகுதான் கதவையே திறந்தது.

> அரவம் என்றால் பாம்பும் ஆயிற்றே?

ஆமாம். ஆனால் 'ஆளரவம் கேட்கவில்லை' என்பதைக் கேட்டுத் தடியெடுத்தவர் எவருமில்லை. கூட்டுச்சொல்லில் பொருள் தெளிவாக நிற்கிறது.

இன்னொரு விளக்கம். பயனருக்குப் பிடிக்கக்கூடியதைப் பரிந்துரைக்கும் நிரல்களிலும் கோல்ட் ஸ்டார்ட் உண்டு: புதிய பயனரின் விருப்பம் எதுவும் நிரலுக்குத் தெரியாத நிலை. அங்கே குறைவது தரவு. அதற்கு இதே சொல்லைத் திணிக்க வேண்டாம், 'முன்தரவின்மை' பார்க்கலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் நாமும் ஒன்றோடு நிற்க வேண்டியதில்லை.

அப்புறம் 'கிரிட்டிக்கல் மாஸ்'. இயற்பியல் பாடத்தில் பழகிய 'மாறுநிலை'யைக் கொண்டுவந்து ஒட்டுவதைவிட, நடத்துபவர் தூண்டாமலே பேச்சு தானாக ஓடத் தொடங்கும் கட்டத்தைக் 'களைகட்டல்' என்று சொல்லிவிடலாம். 'தளம் களைகட்டிவிட்டது' என்றால் யாருக்கும் அகராதி தேவைப்படாது.

எனக்குத் தயக்கம் 'போலி அரவம்' ஒன்றில்தான். நடத்துபவர் நண்பர்களிடம் சொல்லி வைத்து முதல் வாரம் எழுதச் சொல்கிறார். ஆட்கள் உண்மை, ஆர்வம் பாதி இரவல். இதை விதைப்பில் சேர்ப்பதா, போலியில் சேர்ப்பதா? தளத்தின் பதிவுகளை மேற்பார்க்கும் மட்டுறுத்துநராக அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் வரையறையை அதற்கேற்ப எழுதிவிடுகிறேன்.