ஸ்கூல் அசெம்ப்ளி பாட்டு டிராம்போன்ல வந்து நின்ன கதை

ஆவடிப்பையன்:
மத்திய அரசு ஸ்கூல்ல படிச்சவங்களுக்குத் தெரியும், அசெம்ப்ளில வாரத்துக்கு ஒரு தடவையாவது "ஹம் ஹோங்கே காமியாப்" வந்துரும். நானும் வருஷக்கணக்கா வெயில்ல நின்னு பாடிருக்கேன், பாதி அர்த்தம் புரியாது, சும்மா வாயசைப்பேன். அதோட மூலம் "வீ ஷல் ஓவர்கம்"னும், 1940கள்ல அமெரிக்காவுல சார்ல்ஸ்டன் ஊர்ப் புகையிலைக் கம்பெனில ஸ்ட்ரைக் பண்ண கருப்பினத் தொழிலாளிங்க பாடி, 1960ல கருப்பின மாணவர்களோட சம உரிமைப் போராட்டத்துக்குள்ள போய்ச் சேந்த பாட்டுன்னும் தெரிஞ்சப்ப எனக்கு முப்பது தாண்டிருச்சு.

ப்ராஜெக்ட்டுக்காக சிகாகோல இருந்தப்ப நடந்தது. பிப்ரவரி குளிரு, சும்மா கதகதப்புக்காக ஒரு பழைய ரெக்கார்டு கடைக்குள்ள நுழைஞ்சேன். உள்ள ஓடிட்டிருந்தது பாட்டான்னே தெரியல. ரெண்டு கல்யாண ஊர்வலத்தோட பேண்ட் செட்டு ஒரே முக்குல மோதிக்கிட்டா எப்டி இருக்கும், அப்டி. வெளிய போயிரலாமான்னு யோசிக்கிறப்ப அது நின்னு, ஒரு டிராம்போன், அதான் குழாய இழுத்து இழுத்து ஊதுற பித்தளை வாத்தியம், தொண்டை கட்டுன மாதிரி எழும்புது, பின்னால மத்தவங்க ஆளுக்கொரு பக்கமா இழுக்குறாங்க, ரெண்டாவது வரிக்கெல்லாம் என் வாய் தானா ஹிந்தில முணுமுணுக்குது. ஒன்றரை நிமிஷம்கூட இல்ல, முடிஞ்சிருச்சு.

கடைக்காரப் பெரியவருக்கு ஒரே சிரிப்பு. அவர்தான் சொன்னாரு, இது சார்லி ஹேடன்னு ஒரு ஜாஸ்காரர், பேஸ்னு ஆள் உசர வயலின் மாதிரி இருக்குற வாத்தியம் வாசிக்கிறவர், 1969ல ரெக்கார்டு பண்ண "லிபரேஷன் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா", அரேஞ்ச்மென்ட் கார்லா ப்ளே, டிராம்போன் ராஸ்வெல் ரட். முன்னாடி வந்த அந்த மோதல் பேரு "சர்க்கஸ் 68 69". 1968ல இதே சிகாகோல டெமாக்ரடிக் கட்சி மாநாடு, வியட்நாம் போருக்கு எதிரான தீர்மானம் தோத்ததும் சில பிரதிநிதிகள் எந்திரிச்சு நம்ம "வீ ஷல் ஓவர்கம்" பாடிருக்காங்க, அத அமுக்கச் சொல்லி மாநாட்டு பேண்டுக்கு உத்தரவு, அவங்க குஷியான பாட்டா எடுத்து விட்ருக்காங்க. அத டிவில பாத்துட்டிருந்த ஹேடன், தன் ஆளுங்கள ரெண்டு கோஷ்டியாப் பிரிச்சு அந்த அமளியவே வாசிக்க வச்சிட்டாரு. நான் இரைச்சல்னு நெனச்சது கிட்டத்தட்ட அந்த மீட்டிங்கோட மினிட்ஸ்! அன்னிக்கே வாங்கிட்டேன். உங்களுக்கு இந்த மாதிரி போராட்டத்த வச்சுப் பண்ண ரெக்கார்டு எதாவது மாட்டிருக்கா?

மழைக்காகிதம்:
அண்ணே எனக்கு ஜாஸ் டிரம்மர் மேக்ஸ் ரோச்சோட "வீ இன்சிஸ்ட்!" 1960 ரெக்கார்டு. அட்டைல மூணு கருப்பின ஆளுங்க ஓட்டல் கவுன்ட்டர்ல உக்காந்து நம்மளத் திரும்பிப் பாப்பாங்க. அந்த வருஷம் பிப்ரவரி 1ஆம் தேதி கிரீன்ஸ்பரோல நாலு காலேஜ் பசங்க வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு இருந்த கவுன்ட்டர்ல உக்காந்தாங்கல்ல, அதுல கெளம்புன அலைதான். அதுல "ட்ரிப்டிக்"னு ஒண்ணு, ட்ரம்ஸும் ஆபி லிங்கனோட குரலும் மட்டும், ஒரு வார்த்தை கெடயாது, நடுவுல அந்தம்மா ஒரு நிமிஷத்துக்கு மேல அலறுவாங்க. தெரியாம ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்பீக்கர்ல போட்டுட்டேன், பக்கத்து வீட்டு அக்கா கதவத் தட்டி யாருக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறாங்க. பாட்டுதான்க்கான்னு சொன்னேன், நம்பல, உள்ள எட்டிப் பாத்துட்டுத்தான் போனாங்க. எங்க ஆத்தா ஒப்பாரி வைக்கும்போது வார்த்தை தீந்துபோற எடம் ஒண்ணு வரும், அதுக்கப்புறம் வெறும் குரல்தான். அதக் கேட்டு வளந்ததாலயோ என்னவோ எனக்கு இது புதுசாத் தெரியல. 2025ல டிரம்மர் டெர்ரி லின் கேரிங்டனும் பாடகி கிறிஸ்டி டாஷியலும் முழு ஆல்பத்தையும் திரும்ப எடுத்துப் பண்ணிருக்காங்க, கேளுங்க. எனக்குப் பழசுதான் ஒரு படி மேல.

டீக்கடை பெஞ்சு:
நான் எதிர்க்கட்சி. பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்டோட "பீப்பிள் கெட் ரெடி" எனக்கு உசுரு, 1965ல வந்தது, ஊர்வலத்துல யாரு வேணா கூடச் சேந்து பாடலாம். வில்லியம் பார்க்கர்னு இன்னொரு பேஸ்காரர் மேஃபீல்டு பாட்டுங்கள மட்டும் வச்சு ரெண்டு சிடி போட்ருக்காரு, 2010. ஆசையா வாங்குனா ஒரு பாட்டு பதினஞ்சு நிமிஷம் போகுது, சாக்ஸபோன் தனியாக் கத்துது, நடுவுல அமிரி பராகாங்கிற கருப்பினக் கவிஞர் வந்து கவிதை சொல்றாரு. இத வச்சுக்கிட்டு எவன் ஊர்வலம் போறது சொல்லுங்க?

மழைக்காகிதம்:
ஊர்வலம் போறதுக்கு ஒரிஜினல் இருக்குல்ல ப்ரோ. இது போயிட்டு வந்து வீட்ல உக்காந்து கேக்குறது. அதுல சின்னப் பசங்க கோரஸ் வர்ற எடத்தயாவது திரும்பக் கேளுங்க.

டீக்கடை பெஞ்சு:
அந்தக் கோரஸ் மட்டும் ஓகே. ஒத்துக்கிறேன்.

கேன்சஸ்வாசி:
எனக்கு மார்க் ரிபோ. கிட்டார்காரர், ஏடாகூடமா வாசிப்பாரு. 2018ல எதிர்ப்புப் பாட்டா ஒரு ஆல்பம். "வீல் நெவர் டர்ன் பேக்"னு அதுல ஒண்ணு, 1961ல மிசிசிப்பில கருப்பினத்தவங்க ஓட்டுரிமைக்காக வேல பாத்த ஹெர்பர்ட் லீங்கிற கருப்பின விவசாயியச் சுட்டுக் கொன்னதுக்கு அப்புறம் பெர்த்தா கோபர் எழுதுனது. நான் கார்ல வேலைக்குப் போறப்ப ஓட விட்டேன். பாட்டுங்க அடுத்தடுத்து வந்து, திடீர்னு "ஸ்ரீனிவாஸ்"னு ஒரு பேரு காதுல விழுது. நம்ம ஊர்ப் பேரு இங்க என்ன பண்ணுதுன்னு பாத்தா, 2017 பிப்ரவரில இங்க கேன்சஸ்ல ஓலேத்ங்கிற ஊர்ல ஒரு பார்ல இனவெறில சுட்டுக் கொல்லப்பட்ட நம்ம நாட்டு இன்ஜினியர் ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லா. நான் இருக்குற எடத்துலேந்து அது பக்கந்தான். அந்த வாரம் எங்க ஆபீஸ்ல யாரும் சாயங்காலம் வெளிய போகல, வீட்லேந்து அம்மா தினம் மூணு தடவ போன், கட்டுன துணியோட கெளம்பி வந்துருன்னு. கார ஓரமா நிறுத்திட்டு அந்தப் பாட்ட முழுசாக் கேட்டேன். ஹெர்பர்ட் லீ இருக்குற அதே லிஸ்ட்ல அவரையும் வச்சிருக்காங்க. அன்னிக்கு ஸ்டாண்டப் மீட்டிங்குக்கு லேட்டு.

ஆவடிப்பையன்:
கேன்சஸ் ப்ரோ, இது எனக்குத் தெரியாது, இன்னிக்கே கேக்குறேன்.

டீக்கடை பெஞ்சு:
அந்த சிகாகோ ரெக்கார்டு என்ன வெல பாஸ்?

ஆவடிப்பையன்:
18 டாலர். ரெண்டாம் பக்கம் ஸ்கிராட்ச், சரியா டிராம்போன் ஆரம்பிக்கிற எடத்துல ஊசி தாவும். வேணும்னா வந்து கேளுங்க, தர மாட்டேன்.