கொச்சியில் ஒரு சனி, ஒரு ஞாயிறு: எதை முதலில் பார்ப்பது?

கோவை வாசுகி:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாங்கள் ஐந்து பேர், பிப்ரவரி முதல் வாரம் கொச்சிக்குப் போகிறோம். ஐவருக்குமே புது ஊர். சனிக்கிழமை காலை ஏழு மணி வாக்கில் எர்ணாகுளம் ஜங்ஷனில் இறங்குவோம். ஞாயிறு இரவு ரயிலைப் பிடித்தாக வேண்டும். திங்கள் காலை எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு ஓர் ஆசையை எழுதியதில் பட்டியல் நீண்டுவிட்டது. ஒருத்தி வரலாற்று ஆசிரியை. வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடத்தைப் பார்க்காமல் வரமாட்டாள். ஒருத்திக்கு யூதர்களின் தொழுகைக்கூடம். ஒருத்திக்கு ஆலப்புழைப் படகு வீடு. இன்னொருத்தி அதிரப்பள்ளி அருவி என்கிறாள். எனக்குச் சீன வலைகளும் நல்ல மீன் சாப்பாடும் போதும். எங்களில் ஒருத்திக்குப் போன வருடம் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. நடப்பாள், நெடுநேரம் நிற்பதும் படி ஏறுவதும் சிரமம். இருவர் சைவம்.

சனி காலை மட்டாஞ்சேரி, மாலை ஃபோர்ட் கொச்சி, ஞாயிறு ஆலப்புழை, திரும்பும் வழியில் அதிரப்பள்ளி என்று திட்டம் போட்டிருக்கிறேன். சரியாக வருமா? பல வருடம் கழித்துச் சேர்கிறோம். ஊரையும் பார்க்க வேண்டும், உட்கார்ந்து பேசவும் வேண்டும்.

நெல்லை ரகு:

வராது. அதிரப்பள்ளி எர்ணாகுளத்துக்கு வடக்கே எழுபது கிலோமீட்டர். ஆலப்புழை தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரே ஞாயிறில் இரண்டும் என்றால் நீங்கள் பார்க்கப்போவது நெடுஞ்சாலையைத்தான். பிப்ரவரியில் அருவியில் தண்ணீரும் குறைந்திருக்கும். படகு வீட்டின் அழகு இரவு அதில் தங்குவதில் இருக்கிறது. அதற்கென்று தனியாக வாருங்கள். இந்த முறை கொச்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மட்டாஞ்சேரி மருமகள்:

வாசுகி, ரகு சொல்வதை அப்படியே கேளுங்கள். நான் திருச்சியில் பிறந்து மட்டாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்துக்கொண்டு சுற்றுவது என் வேலை. அதனால் உரிமையோடு சொல்கிறேன்: உங்கள் திட்டத்தின் முதல் வரியையே மாற்றுங்கள். உங்கள் தோழி சொன்ன யூதர்களின் தொழுகைக்கூடம், அதாவது பரதேசி சினகாக், வெள்ளியும் சனியும் திறக்காது. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வார இறுதி என்று சனிக்கிழமையே வந்து, சாத்திய கதவின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கஷ்டப்படும். ஆகவே சனி ஃபோர்ட் கொச்சி, ஞாயிறு மட்டாஞ்சேரி. இதை மாற்றாதீர்கள்.

ஸ்டேஷனில் இறங்கியதும் டாக்சி பிடித்துப் பாலம் சுற்றி வராதீர்கள். ஆட்டோவில் ஹைகோர்ட் ஜெட்டிக்குப் போய் வாட்டர் மெட்ரோ ஏறுங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய மின்சாரப் படகுகள் அவை. ஃபோர்ட் கொச்சிக்கு நாற்பது ரூபாய், இருபது நிமிடப் பயணம். மிதவை மேடையும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கும்; முழங்கால் வலி உள்ள உங்கள் தோழிக்கு இதைவிட வசதி கிடையாது. இந்த ஊர் தண்ணீர் வழியாக வருகிறவர்களுக்காகவே உருவானது. முதல் தடவை பார்ப்பவர்கள் அப்படித்தான் வந்து சேர வேண்டும் என்பது என் பிடிவாதம்.

தங்குவது ஃபோர்ட் கொச்சியிலேயே இருக்கட்டும். வீட்டின் ஒரு பகுதியை விருந்தினருக்கு விடும் குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. பையை வைத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் புனித பிரான்சிஸ் தேவாலயம். போர்த்துக்கீசியர் 1503இல் மரத்தில் கட்டி, பிறகு கல்லாக மாற்றியது. டச்சுக்காரர்கள் வந்ததும் சீர்திருத்தச் சபையின் கைக்குப் போனது, பிறகு ஆங்கிலேயர், இப்போது தென்னிந்தியத் திருச்சபை. 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் அடக்கம் செய்தார்கள். எலும்புகளைப் பின்னர் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல் மட்டும் தரையில் இருக்கிறது. ஆசிரியைத் தோழி அதைப் பார்த்து முடித்ததும் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். கூரையிலிருந்து நீளத் துணி விசிறிகள் தொங்கும். அந்தக் காலத்தில் ஆட்கள் வெளியே வெயிலில் நின்று கயிறு இழுத்தால்தான் உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று வந்தது. எனக்கு அந்தக் கல்லறையைவிட அந்தக் கயிறுதான் நிறையச் சொல்கிறது. ஞாயிறு காலை ஆராதனை நடக்கும் என்பதாலும் இதைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

சீன வலைகளை எல்லோரும் சூரியன் மறையும்போது படம் பிடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து வேலை நடப்பதைப் பாருங்கள். நாலைந்து பேர் சேர்ந்தால்தான் ஒரு வலையை இயக்க முடியும். பின்பக்கம் கயிறுகளில் பெரிய பெரிய கற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும். வலையின் எடையைத் தாங்குவது அந்தக் கற்கள்தான். வலை தண்ணீருக்குள் சில நிமிடமே இருக்கும், உடனே தூக்கிவிடுவார்கள். பல தடவை மேலே வருவது ஆகாயத்தாமரையும் கைப்பிடி அளவு சிறு மீனும் மட்டுமே. பழைய தேக்குமரச் சட்டங்களைப் பராமரிக்கக் கட்டுப்படியாகாமல் இரும்புக் குழாய்க்கு மாறிவிட்டவர்களும் உண்டு. கயிறு இழுக்க உங்களைக் கூப்பிடுவார்கள். போங்கள், இழுங்கள், காசு கொடுங்கள். அவர்களுடைய பிழைப்பில் இப்போது அதுவும் ஒரு பங்கு.

சனி மதியத்துக்கு மேல் ஆட்டோ பிடித்து பஜார் ரோடு வழியாக ஒரு சுற்று வாருங்கள். அரிசி, மிளகு, சுக்கு மொத்த வியாபாரக் கிடங்குகள் ஞாயிறு பெரும்பாலும் சாத்தியிருக்கும். மூட்டை இறங்கும்போது அந்தத் தெருவில் எழும் சுக்கு மணத்துக்காகவே நான் சுற்று வழியில் வீட்டுக்குப் போவேன். ஆட்டோக்காரர் வலியக் கைவினைப் பொருள் கடைக்கு அழைத்தால் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அவருக்கு அங்கே கமிஷன் உண்டு.

ஞாயிறு பத்து மணிக்கு மட்டாஞ்சேரி அரண்மனை. டச்சு அரண்மனை என்பார்கள். கட்டிக் கொடுத்தவர்கள் போர்த்துக்கீசியர், 1555இல். டச்சுக்காரர்கள் 1663இல் பழுதுபார்த்ததோடு பெயரை எடுத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து சாதாரண ஓட்டுக் கட்டடம்தான். உள்ளே அரசரின் பள்ளியறைக்குள் கால் வைத்ததும் பேச்சு நின்றுவிடும். தசரதனின் வேள்வி தொடங்கி இராமன் அயோத்தி திரும்பும் வரை சுவர் முழுக்க இராமாயணம், காவியும் பச்சையும் மஞ்சளுமாக, ஒரு விரற்கடை இடம்கூட விடாமல். படம் எடுக்க அனுமதியில்லை. அதனாலேயே அங்கே நிதானமாகப் பார்க்க முடிகிறது.

அரண்மனையிலிருந்து நடக்கும் தூரம்தான் சினகாக். 1568இல் கட்டியது. தரையில் சீனாவிலிருந்து வந்த நீலவெள்ளை ஓடுகள், கையால் வரைந்தவை, ஒன்றைப் போல் மற்றொன்று இருக்காது. செருப்பைக் கழற்ற வேண்டும். அரைக்கால் சட்டையோடு விடமாட்டார்கள். பெரும்பாலான குடும்பங்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டன. இன்று சினகாக் இருக்கும் தெருவில் யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கோவை வாசுகி:

மிக்க நன்றி அக்கா. சனிக்கிழமை விஷயம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆலப்புழையையும் அருவியையும் இப்போதே அடித்துவிட்டேன், குழுவில் ஒரு சிறு சண்டையோடு. சாப்பாட்டுக்கு என்ன செய்யட்டும்? அரண்மனையில் படி அதிகமா?

பெரம்பூர் சாதிக்:

சாப்பாட்டை நான் சொல்கிறேன். மட்டாஞ்சேரியில் காயிக்கா கடை என்று யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். கைமா அரிசியில் செய்த பிரியாணி. நம் சீரகச் சம்பாவைப் போலப் பொடி அரிசி. காரம் நம் ஊர் அளவுக்கு இருக்காது, நெய்யும் வறுத்த வெங்காயமும் தூக்கலாக இருக்கும். சீக்கிரம் தீர்ந்துவிடும், ஒரு மணிக்கு மேல் போய் ஏமாறாதீர்கள். சாப்பிட்டதும் சுலைமானி என்கிற பால் சேர்க்காத தேநீர் குடியுங்கள், அதுதான் முறை. மீனுக்கு, வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன். கடற்கரையில் மீனை நீங்களே வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள் என்று கூப்பிடுவார்கள். சமையல் கூலியையும் சேர்த்து முதலிலேயே விலை பேசிவிடுங்கள்.

சைவத் தோழிகளைக் குஜராத்தி தெருவுக்கு அழைத்துப் போங்கள். தலைமுறைகளாக அங்கே வாழும் குஜராத்தியர்களின் இனிப்புக் கடைகளும் சாப்பாடும் கிடைக்கும். அங்குள்ள சமணக் கோயிலில் நண்பகலில் புறாக்களுக்குத் தீனி போடுவார்கள். பார்க்க வேண்டிய காட்சி.

மட்டாஞ்சேரி மருமகள்:

படி உண்டு வாசுகி, அரண்மனையில் மேல்தளத்துக்கு ஏறித்தான் ஆக வேண்டும். அவசரமில்லாமல் ஏறட்டும், திறந்த உடனே போனால் கூட்டம் நெருக்காது.

ஒன்று விட்டுப்போயிற்று. ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் டோபி கானா என்கிற சலவைக் கூடம் இருக்கிறது. டச்சுப் படையினரின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள். இப்போதிருக்கும் கட்டடம் 1976இல் வந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனித் துவைகல் தொட்டி. கிளிப் எதுவும் கிடையாது; முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிக் காயப்போடுகிறார்கள், எந்தக் காற்றுக்கும் விழாது. இஸ்திரி போட்டுக்கொண்டே உங்களோடு தமிழில் பேசுவார்கள். எனக்கு இந்த ஊரில் முதன்முதலாக வீட்டு நினைவு தணிந்தது அந்தக் கூடத்தில்தான். சனி காலை தேவாலயம் முடிந்ததும் போங்கள். உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் வேலை செய்கிற இடம்.

ஞாயிறு மாலை வாட்டர் மெட்ரோவுக்கு ஃபோர்ட் கொச்சியில் வரிசை மிக நீளமாக இருக்கும், தோப்பும்படி பக்கம் சாலையும் அடைத்துக்கொள்ளும். பழைய அரசுப் படகும் எர்ணாகுளம் போகும், டிக்கெட் மிக மலிவு; ஆனால் அதில் ஏறி இறங்கத் தோழிக்கு ஒரு கை கொடுக்க வேண்டியிருக்கும். எதில் வந்தாலும் ரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்பே அறையைக் காலி செய்துவிடுங்கள். மிச்ச நேரம் பேச்சுக்கு ஸ்டேஷன் பெஞ்ச் இருக்கிறது.